89 ஆண்டும் 508 ஆண்டும்: உமையாக்களா, அப்பாசியரா?

இஸ்லாமியப் பேரரசை அடுத்தடுத்து ஆண்ட இரண்டு கலீஃபா வம்சங்கள் உமையாக்களும் அப்பாசியரும். கலீஃபா என்றால் முஸ்லிம்களின் ஆட்சித் தலைவர். டமாஸ்கஸைத் தலைநகராகக் கொண்ட உமையாக்கள் 661 முதல் 750 வரை ஆண்டார்கள், 89 ஆண்டு. அவர்களைக் கவிழ்த்து வந்த அப்பாசியர், 1258ல் ஹுலாகு கானின் மங்கோலியப் படை பாக்தாதுக்குள் நுழையும்வரை கலீஃபாக்களாக இருந்தார்கள், 508 ஆண்டு. இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்தால் அப்பாசியர்தான் கெட்டிக்காரர்கள். எனக்கு இந்தக் கணக்கில் சம்மதமில்லை. பட்டத்தில் இருந்த காலம் வேறு, ஆண்ட காலம் வேறு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உமையாக்களைப் பற்றி நாம் படிக்கும் அரபு வரலாறுகளில் பெரும்பாலானவை அப்பாசியர் காலத்தில் எழுதப்பட்டவை. வென்றவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதிய சரித்திரம். அதற்காக 680ல் கர்பலாவில் நபியின் பேரர் ஹுசைன் கொல்லப்பட்டதை யாரும் மறைக்க முடியாது. அந்தக் கறை அப்போது கலீஃபாவாக இருந்த யஸீதோடு போகாமல் வம்சத்தின் மேலேயே படிந்துவிட்டது.

நிர்வாகத்தில் உமையாக்கள் போட்ட அஸ்திவாரம் பெரிது. கலீஃபா அப்துல் மலிக் (685-705) அரசாங்கக் கணக்கேடுகளை கிரேக்கத்திலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் அரபுக்கு மாற்றினார். உருவம் ஏதுமில்லாமல் எழுத்து மட்டும் பொறித்த தங்க தினாரை அடித்தார். எடை ஏறக்குறைய 4.25 கிராம். அப்பாசியர் காலத்து தினாரும் அதே அச்சில் வந்ததுதான். கலீஃபா ஹிஷாம் காலத்தில் (724-743) சிந்து முதல் ஸ்பெயின் வரை உமையா கலீஃபாவோ அவர் அதிகாரியோ அனுப்பிய ஆள்தான் ஆளுநர். அப்பாசியரின் ஆணை ஸ்பெயினில் ஒருநாளும் நிலைக்கவில்லை. அப்பாசிய கலீஃபா ஹாரூன் அல் ரஷீதின் பொற்காலம் என்கிறோமே, அந்தக் காலத்திலேயே 800ல் துனிசியப் பகுதி ஆண்டுக் கப்பம் கட்டும் அக்லபி வம்சத்தின் கைக்குப் போய்விட்டது.

அறிவுத் துறையில் போட்டியே இல்லை, பாக்தாத்தான். அரிஸ்டாட்டிலின் நூல்களும் கிரேக்க மருத்துவர் காலெனின் நூல்களும் அரபுக்கு வந்தது அங்கேதான்.

உண்மையான வித்தியாசம் படையில் இருக்கிறது. உமையாக்களின் வாள் சிரியாவில் குடியேறிய அரபுக் குலங்களிடம் இருந்தது. பதிவேட்டில் பெயர், கருவூலத்திலிருந்து மானியம். வம்சத்தின் முதல் கலீஃபா முஆவியா கல்பு குலத்தில் பெண் எடுத்தார், யஸீத் அந்த வயிற்றுப் பிள்ளை. 684ல் மர்ஜ் ராஹித் போரில் கல்புக் குலத்தார் கைஸ் குலத்தாரை வெட்டிச் சாய்த்து உமையாக்களுக்குப் பட்டத்தை மீட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பகை தலைமுறை கடந்தும் ஆறவில்லை. 744ல் இரண்டாம் வலீத் கொல்லப்பட, ஒரே ஆண்டில் நான்கு பேர் கலீஃபாவாக இருந்தார்கள். கடைசியாக வந்த இரண்டாம் மர்வான் கைஸ் பக்கத்து ஆள். டமாஸ்கஸை விட்டு ஹர்ரானுக்கே போய்விட்டார். வம்சத்தைத் தாங்கிய சிரியாவே இரண்டாகப் பிளந்து நின்றது.

அதே நேரத்தில் கிழக்கே, ஈரானின் வடகிழக்குப் பகுதியான குராசானில் புகைந்துகொண்டிருந்தது. மதம் மாறியும், முஸ்லிம் அல்லாதோர் கட்டும் ஜிஸ்யா வரி விடாத மவாலிகளின் (அரபு அல்லாத முஸ்லிம்களின்) மனக்குறை ஒரு பக்கம், அங்கேயே குடியேறி விவசாயிகளாகிவிட்ட அரபுகளின் கசப்பு இன்னொரு பக்கம். இரண்டாம் உமர் (717-720) அந்த வரியை நீக்க முயன்றார்; ஆட்சி மூன்று ஆண்டுகூட நீடிக்கவில்லை. 747ல் மெர்வ் அருகே அப்பாசியரின் ஆளான அபூ முஸ்லிம் கறுப்புக் கொடி ஏற்றினார். 750 ஜனவரியில் இராக்கின் ஸாப் ஆற்றங்கரைப் போரில் உமையாக்களின் கதை முடிந்தது. அப்பாசியர் அபூ முஸ்லிமுக்குக் காட்டிய நன்றி? 755ல் கலீஃபா மன்சூர் அவரைத் தன்னிடம் வரவழைத்துக் கொன்றார்.

மன்சூர் 762ல் பாக்தாதைக் கட்டத் தொடங்கினார். குலச்சண்டை அரசைத் தின்னும் என்ற பாடத்தை அவர் வம்சம் நன்றாகவே படித்தது. மருந்துதான் நோயைவிட மோசம். கலீஃபா முஃதஸிம் (833-842) குலமும் ஊரும் இல்லாத துருக்கிய அடிமைகளை விலைக்கு வாங்கிப் படை திரட்டினார். பாக்தாத் மக்களுக்கும் அவர்களுக்கும் ஒத்துவராமல், 836ல் அவர்களைக் கூட்டிக்கொண்டு வடக்கே சாமர்ராவுக்குக் குடிபெயர்ந்தார். 861ல் அவர் மகன் முதவக்கிலை அதே காவல் படையினர் வெட்டிக் கொன்றார்கள். சம்பளம் வந்தால் விசுவாசம், வராவிட்டால் வேறு கலீஃபா. 945ல் ஈரானிய வம்சமான புவைஹிகள் பாக்தாதுக்குள் புகுந்தபோது தடுக்க ஆளில்லை. 934, 944, 946 என்று பன்னிரண்டு ஆண்டுக்குள் மூன்று கலீஃபாக்கள் பதவி பறிக்கப்பட்டு, கண்ணும் பிடுங்கப்பட்டார்கள்.

ஆக, அப்பாசியர் தம் கையால் ஆண்டதை என் கணக்கில் 750 முதல் 861 வரை, 111 ஆண்டு என்று வைக்கலாம். நடுவில் சில வலுவான கலீஃபாக்கள் தலைதூக்கியதையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும். 89க்கும் இதற்கும் அப்படியொன்றும் பெரிய தூரமில்லை. உமையாக்கள் ஆண்டுகொண்டிருக்கும்போதே விழுந்தார்கள். அப்பாசியர் விழுந்த பிறகும் பெயருக்கு ஒரு முத்திரையாக இருந்தார்கள்.

உமையாக்கள் அதோடு ஒழியவுமில்லை. அப்பாசியர் உமையா குடும்பத்தாரைக் கொன்று குவித்ததில் தப்பிய அப்துர் ரஹ்மான் 756ல் ஸ்பெயினின் கொர்தோபாவில் ஆட்சி அமைத்தார். அவர் வழிவந்த மூன்றாம் அப்துர் ரஹ்மான் 929ல் தன்னையே கலீஃபா என்று அறிவித்தார். ஆனால் அங்கேயும் படைக்கு வெளியிலிருந்து பெர்பர்களையும் ஸ்லாவிய அடிமைகளையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவர்கள் அடித்துக்கொண்டதில் ஊர் சூறையானது. 1031ல் கொர்தோபாப் பெரியவர்கள் கூடி, இனி கலீஃபாவே வேண்டாம் என்று கடைசி உமையாவை ஊரைவிட்டு அனுப்பினார்கள்.