சும்மா கிடக்கும் போன் ஏன் 9.8 காட்டுகிறது? ஃபைஃபாக்ஸ் செயலி மதிப்புரை

போனின் உணரிகளைக் கொண்டு இயற்பியல் சோதனைகள் செய்ய உதவும் ஃபைஃபாக்ஸைத் திறந்து, ஈர்ப்பையும் சேர்த்து முடுக்கம் காட்டும் சோதனையைத் தேர்ந்தெடுத்து, போனை மேசைமேல் மல்லாக்க வையுங்கள். துளியும் அசையாத போன் 9.8 மீ/வி² என்று காட்டும். ஓய்விலுள்ள பொருளுக்கு முடுக்கம் சுழி என்றுதானே பாடத்தில் இருக்கிறது என்று மாணவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். போனுக்குள் இருக்கும் உணரி உண்மையில் உணர்வது, மேசை அதை மேல்நோக்கித் தாங்கும் விசையை. அதே போனை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தடித்த மெத்தையில் விழவிடுங்கள், விழுகிற 0.45 விநாடியும் கோடு சுழியை ஒட்டியே ஓடும். பத்தாம் வகுப்பு 'இயக்க விதிகள்' பாடத்தில் எடையின்மையை விளக்கத் திணறும் ஆசிரியருக்கு இந்த ஒரு வரைபடம் போதும்.

ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2016இல் வெளிவந்த செயலி இது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இலவசம்.

இதில் மிகவும் பயனுள்ளது ஒலிக் கடிகாரம். முதல் சத்தத்தில் ஓடத் தொடங்கும், அடுத்த சத்தத்தில் நிற்கும். ஊதிய பலூனில் குட்டையான நூலால் ஓர் இரும்பு நட்டைக் கட்டுங்கள். நட்டின் அடிப்பகுதி, தரையில் வைத்த எவர்சில்வர் தட்டிலிருந்து சரியாக 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். ஊசியால் பலூனைக் குத்தினால் 0.553 விநாடி வர வேண்டும். பலர் போனைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுகிறார்கள். வெடிச்சத்தம் கீழே வந்து சேர ஏறத்தாழ 0.004 விநாடி ஆகும். அவ்வளவு தாமதமாகக் கடிகாரம் தொடங்குவதால், இந்த நேரத்தை வைத்துக் கணக்கிடும் ஈர்ப்பு முடுக்கத்தின் (g) மதிப்பு 9.96 வரை ஏறிவிடும். பலூனுக்கும் தட்டுக்கும் சம தூரத்தில் போனைப் பிடித்தால் இந்தப் பிழை தானாகவே நீங்கும். எதிரொலியில் கடிகாரம் முன்கூட்டியே நின்றால் குறைந்தபட்ச இடைவெளியை 0.3 விநாடியாக மாற்றுங்கள். மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள்.

நியூட்டனின் இரண்டாம் விதிக்கு ஒரு பொம்மை வண்டி, கப்பி, நூல் போதும். போனும் வண்டியும் சேர்ந்து 400 கிராம், தொங்கும் எடை 50 கிராம் என்றால் முடுக்கம் 1.09 வரும். 1.23 என்று கணக்கிடுபவர்கள் 400 கிராமால் மட்டும் வகுத்திருப்பார்கள். தொங்கும் எடையும் சேர்ந்துதானே நகர்கிறது! உராய்வால் அளவு குறைந்து வந்தால், எடையைக் கழற்றிவிட்டுப் பலகையின் ஒரு முனையைச் சற்றே உயர்த்துங்கள். லேசாகத் தள்ளிய வண்டி சீரான வேகத்தில் ஓடும் சாய்வு கிடைத்ததும் எடையை மாட்டி மறுபடி அளக்கலாம்.

மையநோக்கு முடுக்கச் சோதனைக்குச் சுழல்நாற்காலி நல்லது. முடுக்கத்தைக் கோணத் திசைவேகத்தின் இருமடிக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும்; அதன் சாய்வே ஆரம். அது அச்சிலிருந்து உணரி வரை உள்ள தூரம், போனின் நடுப்புள்ளி வரை அல்ல. இரண்டும் சில சென்டிமீட்டர் வேறுபடும்.

முடுக்கத்திலிருந்து தூரத்தைக் கண்டுபிடிக்க மட்டும் இதை நம்பாதீர்கள். உணரியில் 0.05 மீ/வி² பிழை இருந்தாலே பத்து விநாடியில் 2.5 மீட்டர் தூரம் தவறிவிடும். மோதல் சோதனையில் வரைபடத்தின் உச்சி தட்டையாக வெட்டுப்பட்டிருந்தால் உணரியின் எல்லை அவ்வளவுதான் என்று பொருள். அந்த அளவை எழுதாதீர்கள்.

எல்லாம் போனைப் பொறுத்தது. சுழற்சி சோதனைக்குக் கைரோஸ்கோப் வேண்டும், லிஃப்ட் சோதனைக்குக் காற்றழுத்த உணரி வேண்டும். விலை குறைந்த போன்கள் பலவற்றில் பின்னது இருக்காது. அது இல்லாவிட்டாலும் போனை லிஃப்ட் தரையில் கிடத்தி, ஈர்ப்பு நீக்கிய முடுக்கத்தைப் பதியலாம். மேலே கிளம்பும்போது ஒரு மேடு, நடுவே சுழி, நிற்கும்போது ஒரு பள்ளம்.

வகுப்பு முழுவதும் பார்க்க, தொலை அணுகல் வசதியை இயக்கி, போனின் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணையுங்கள். திரையில் வரும் முகவரியை உலாவியில் தட்டினால் வரைபடம் அங்கே ஓடும். இதற்கு இணைய இணைப்பே தேவையில்லை.