உரக்கடை பில்லிங்: ஸ்டாக்கை முன்கூட்டியே பூட்டுவதா, சேவ் செய்யும்போது சரிபார்ப்பதா?

மேட்டூர் திறந்து குறுவை நடவு சூடுபிடித்துவிட்டால் மன்னார்குடி பக்கத்து உரக்கடைகளில் நிற்க இடமிருக்காது. இரண்டு கவுண்டர், குடோனில் ஒரு கம்ப்யூட்டர், மூன்றும் கை வைப்பது ஒரே ஸ்டாக் டேபிளில். இதற்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுபவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன.

எஸ்கியூலைட் (தனி சர்வர் இல்லாமல் ஒரே ஃபைலில் இயங்கும் டேட்டாபேஸ்) ஃபைலை, எல்லா கம்ப்யூட்டரும் திறக்கக்கூடிய ஷேர்டு ஃபோல்டரில் போடுவது முதல் வழி. கடையில் ஒரே கம்ப்யூட்டர் என்றால் தாராளமாகப் போடலாம். மூன்று என்றால் வேண்டவே வேண்டாம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். மற்றவர் மாற்றாமல் தடுக்கும் பூட்டு விழுவதும் ஃபைல் முழுவதற்கும்தான். 2010-இல் வந்த வால் மோடில் (மாற்றங்களை முதலில் தனி ஃபைலில் எழுதும் முறை) ஒருவர் எழுதும்போதே மற்றவர்கள் படிக்கலாம், ஆனால் நெட்வொர்க் ஃபோல்டரில் அது செல்லாது.

மற்ற இரண்டுக்கும் போஸ்ட்கிரஸ் மாதிரி ஒரு டேட்டாபேஸ் சர்வர் வேண்டும். பில் திறந்ததுமே 'செலக்ட் ஃபார் அப்டேட்' என்ற கட்டளை கொடுத்து ஸ்டாக் டேபிளில் டிஏபி உரத்தின் வரியைப் பூட்டிக்கொள்வது ஒரு முறை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. "இருப்பா, பொட்டாஷ் எத்தனை மூட்டைன்னு அண்ணனைக் கேட்டுச் சொல்றேன்" என்று விவசாயி போனை எடுக்கிறார். அவர் பேசி முடிக்கும்வரை பக்கத்துக் கவுண்டரில் டிஏபி பில் சேவ் ஆகாது. அந்த நேரம் பார்த்து கரண்ட் போனால் இன்னும் மோசம். யுபிஎஸ் உள்ள சர்வருக்கு, கவுண்டர் கம்ப்யூட்டர் அணைந்ததே தெரியாது. லினக்ஸின் இயல்பு அமைப்பில் எதிர்முனை இன்னும் இருக்கிறதா என்று பார்க்கும் கீப்அலைவ் சோதனை தொடங்கவே 2 மணி நேரம் ஆகும். அதுவரை செத்த செஷன் (அணைந்த கம்ப்யூட்டரின் இணைப்பு) பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். 'ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன் செஷன் டைம்அவுட்' (வேலையைப் பாதியில் விட்டுச் சும்மா இருக்கும் இணைப்புக்கு நேர வரம்பு) வைத்தால் சர்வரே அதை வெட்டிவிடும். போஸ்ட்கிரஸ் 9.6 பதிப்பிலிருந்தே இந்த வசதி உண்டு, ஆனால் நாம் போட்டால்தான் வேலை செய்யும்.

என் ஓட்டு மூன்றாவதற்கு. திறக்கும்போது பூட்டே கிடையாது. வரியில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் கூடும் ஒரு வெர்ஷன் எண், சேவ் செய்யும்போது அது மாறியிருந்தால் 'வேறொருவர் திருத்திவிட்டார்' என்று திருப்பி அனுப்புவது. விலைப்பட்டியல், வாடிக்கையாளர் விவரம் போன்றவற்றுக்கு இது போதும். ஸ்டாக்குக்கு வெர்ஷன்கூட வேண்டாம். '40 இருந்தது, 5 போனால் 35' என்று ஸ்கிரீனில் கணக்குப் போட்டு எழுதினால்தான் ஒருவர் விற்றதை இன்னொருவர் அழிப்பார். 'இருப்பு 5-க்குக் குறையாமல் இருந்தால் 5 கழி' என்று ஒரே அப்டேட்டில் சொன்னால் மிச்சத்தை டேட்டாபேஸ் பார்த்துக்கொள்ளும். எத்தனை வரி மாறியது என்று மட்டும் பாருங்கள். பூஜ்யம் வந்தால் சரக்கு இல்லை.

அப்புறம் பில் நம்பர். ஜிஎஸ்டி பில்லுக்கு வரிசை எண் தொடர்ச்சியாக வேண்டும். டேட்டாபேஸ் தானே அடுத்தடுத்து எண் தரும் சீக்வென்ஸ் வைத்தால், ரோல்பேக் ஆகும்போது (பாதியில் நின்ற பில்லை டேட்டாபேஸ் ரத்து செய்யும்போது) இடையில் எண் விட்டுப்போகும். அங்கே மட்டும், கடைசி பில் எண்ணை வைத்திருக்கும் நம்பர் டேபிளின் ஒரு வரியைப் பூட்டுங்கள், அதுவும் சேவ் பட்டனை அழுத்தியபிறகு.