சாரதி இல்லாமல் யாழ்ப்பாணத்துக்கு: வாடகைக் கார் அனுபவம்

ரொறன்ரோவிலிருந்து ஊருக்குப் போகிறவர்கள் கட்டுநாயக்கவில் இறங்கியதும் சாரதியுடன் வான் பிடிப்பதே வழக்கம். இம்முறை நாங்கள் காரை மட்டும் வாடகைக்கு எடுத்தோம். கனடாவில் பெற்ற சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு இலங்கையில் உள்ளூர் அங்கீகாரமும் பெற வேண்டும் என்பதால், முதலில் அந்த வேலையை முடித்துக்கொண்டோம்.

வீதியின் இடப்பக்கம் ஓட்டுவதுதான் பெரிய தலையிடி என்று பலரும் பயமுறுத்தியிருந்தார்கள். ஆனால் அது விரைவில் பழகிவிடுகிறது; முன்னே போகும் பஸ்ஸும் எதிரே வரும் லொறியும் நம்மைச் சரியான பக்கத்தில் வைத்துவிடுகின்றன. எளிதில் பழகாதவை ஸ்டியரிங்கின் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு தண்டுகளே. இங்கு ஓடும் கார்களில் பல ஜப்பானில் பாவிக்கப்பட்டு இறக்குமதியானவை. அவற்றில் சிக்னல் வலப்பக்கமும் வைப்பர் இடப்பக்கமும் இருக்கும். வன்னி வெயிலில், மழையின் சாயலே இல்லாத ஏ9 வீதியில், ஒரு கார் சந்திக்குச் சந்தி வைப்பரை ஆட்டிக்கொண்டு போனால், ஓட்டுபவர் கனடாவிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வந்தவர் என்று தாராளமாக ஊகிக்கலாம்.

எங்களுக்குக் கிடைத்தது டொயோட்டா அக்வா என்ற, பெற்றோலோடு மின்மோட்டரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார். பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தினால் எஞ்சின் சத்தம் கேட்காமலே வண்டி புறப்படத் தயாராகிவிடும். முகப்பில் எரியும் சிறு பச்சை எழுத்துத்தான் அதற்கு அடையாளம். சத்தத்தை எதிர்பார்த்து மீண்டும் பொத்தானை அழுத்துகிறவர் ஓடத் தயாராக நிற்கும் வண்டியை அணைத்துவிடுவார். கியரில் 'டி'க்குக் (D) கீழே இருக்கும் 'பி' (B) வண்டியை நிறுத்தி வைப்பதற்கானது அன்று. நீண்ட இறக்கங்களில் பிரேக்கின் சுமையைக் குறைப்பதற்கானது. இவற்றோடு, ஒவ்வொரு முறையும் வண்டியைக் கிளப்பும்போது ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ எச்சரிக்கும். ஜப்பானிய நெடுஞ்சாலைகளில் கட்டணம் செலுத்தும் அட்டை செருகப்படவில்லை என்பதே அந்தப் புகார் என அறிந்தபின் நிம்மதியாயிற்று. வானொலிதான் சரிவரவில்லை: அந்தக் கார் ஜப்பானிய அலைவரிசையான 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே பிடித்ததால், அதற்கு மேலே ஒலிபரப்பாகும் நம் தமிழ்ச் சேவைகள் எதுவும் கேட்கவில்லை.

காரை ஒப்படைத்த இளைஞர் கதவிலும் பம்பரிலும் இருந்த கீறல்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். மேலே சொன்னவற்றில் ஒன்றையேனும் விளக்கவில்லை. பத்து நிமிட விளக்கமோ, தமிழில் அச்சிட்ட ஒரு தாளோ போதுமாக இருந்திருக்கும். வெளிநாட்டவருக்கென்றே கார் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்காதிருப்பது எனக்கு வியப்பாகவே இருந்தது.

ஓட்டோவை வாடகைக்கு எடுத்து ஓட்டும் ஆசையும் இப்போது சிலருக்கு இருக்கிறது. இடது கைப்பிடியில் கிளட்சைப் பிடித்துக்கொண்டே அதைத் திருகி கியர் மாற்ற வேண்டும், பிரேக் வலக்காலில், பின்னோக்கிச் செல்லத் தனியாக ஒரு நெம்புகோல். தானியங்கிக் கியருக்கே பழகியவர்கள் இதை வெறுமையான ஒழுங்கையில் ஓட்டிப் பழகாமல் யாழ் நகருக்குள் கொண்டுபோகக் கூடாது. ஸ்கூட்டர் எல்லாவற்றிலும் எளிது, கியரும் இல்லை, கிளட்சும் இல்லை. ஆனால் ஒன்டாரியோவின் சாதாரண கார் அனுமதிப்பத்திரம் அதற்குச் செல்லாது என்பதால், மச்சான் சாவியை நீட்டினாலும் என்னைப் போன்றோர் பின்னால் ஏறிக்கொள்வதே முறை.