மினிசாஸ் ஓடைச் சோதனை: மதிப்பெண்ணை எவ்வளவு நம்பலாம்?

ஓடை நீரைப் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், அந்த நேரத்தில் ஓடிய நீரைப் பற்றி மட்டுமே தெரியவரும். போன வாரம் ராத்திரியோடு ராத்திரியாகத் திறந்துவிட்ட கழிவு அதற்குள் எங்கோ போயிருக்கும். கல்லுக்கடியில் மாதக்கணக்கில் வாழும் பூச்சிகள் அப்படிப் போய்விட முடியாது. எவை மிஞ்சின, எவை காணாமல் போயின என்று பார்த்து ஓடையின் நலத்தைச் சொல்லும் எளிய முறைதான் தென்னாப்பிரிக்காவில் உருவான மினிசாஸ். அங்கே வல்லுநர்கள் பயன்படுத்தும் சாஸ்5 முறைக்குப் பூச்சிகளைக் குடும்பவாரியாகப் பிரித்தறியும் பயிற்சி தேவை. மினிசாஸ் அதை 13 குழுக்களாகச் சுருக்குகிறது. வழிகாட்டியும் மதிப்பெண் தாளும் இலவசம். பள்ளிப் பிள்ளைகளின் கையில் கொடுக்கக்கூடிய அளவுக்குத் தெளிவாக இருக்கின்றன.

வேண்டிய பொருள்கள் சொற்பம்: ஒரு கைவலை, வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா, உருப்பெருக்கிக் கண்ணாடி, பென்சில், ரப்பர் பூட்ஸ். வலையை வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம். கண்ணளவு 1 மி.மீ. அளவில் இருக்கட்டும். அதைவிட நெருக்கமான துணி வண்டலால் அடைத்துக்கொள்ளும். அப்புறம் நீர் வலைக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு போய்விடும், பூச்சியும் அதோடு போய்விடும்.

வலையின் வாய் நீர் வரும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் நின்று காலால் கற்களைப் புரட்டிக் கிளற வேண்டும். மொத்தம் 5 நிமிடம். அந்த 5 நிமிடத்தையும் ஒரே இடத்தில் செலவழிப்பதுதான் பலர் செய்யும் பிழை. கல், மணல், கரையோரச் செடி மூன்றையும் கிளறினால்தான் ஓடையில் இருப்பது வலைக்கு வரும். டப்பாவில் கொட்டிய பிறகு அவசரப்படக் கூடாது. பயந்து அசையாமல் கிடப்பவை சற்று நேரம் கழித்தே நகரத் தொடங்கும். பார்த்து முடித்ததும் உயிரோடு ஓடையில் விட்டுவிடலாம்.

இனி கணக்கு. மாசைத் தாங்காத குழுவுக்கு மதிப்பெண் அதிகம். ஸ்டோன்ஃப்ளை, மேஃப்ளை, கேடிஸ்ஃப்ளை மூன்றும் வளர்ந்ததும் சிறகு முளைத்துப் பறக்கும் பூச்சிகள்; ஓடையில் கிடைப்பவை அவற்றின் இளம்பருவம். ஸ்டோன்ஃப்ளைக்கு 17, மினோ வகை அல்லாத மற்ற மேஃப்ளைகளுக்கு 11, கேடிஸ்ஃப்ளைக்கு 9, நண்டு அல்லது இறாலுக்கு 6, தட்டானுக்கு 6, மினோ மேஃப்ளைக்கு 5, வண்டு அல்லது மூட்டைப்பூச்சி இன நீர்ப்பூச்சிக்கு 5, ஊசித்தட்டானுக்கு 4, நத்தைக்கு 4, தட்டைப்புழுவுக்கு 3, மண்புழு வகை, அட்டை, ஈ வகைப் புழுக்களுக்குத் தலா 2. கிடைத்த குழுக்களின் மதிப்பெண்களைக் கூட்டிக் குழுக்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி வரும். அது உயர்ந்தால் ஓடை நலம். பாறை ஓடைக்கும் மணல் ஓடைக்கும் தனித்தனி அளவுகோல் உண்டு. இரண்டையும் மாற்றிப் படித்தால் நல்ல ஓடை கெட்டதாகவும் கெட்டது நல்லதாகவும் தெரியும்.

முறையின் பலவீனம் அந்த 17-ல் இருக்கிறது. டப்பாவில் கேடிஸ்ஃப்ளை, தட்டான், மினோ மேஃப்ளை, நத்தை, ஈப்புழு இருந்தால் கூட்டுத்தொகை 26, சராசரி 5.2. ஸ்டோன்ஃப்ளைக்கு வால் இரண்டு, மேஃப்ளைக்குப் பெரும்பாலும் மூன்று. வால் ஒன்று ஒடிந்த மினோ மேஃப்ளையை ஸ்டோன்ஃப்ளை என்று எழுதிவிட்டால் கூட்டுத்தொகை 38, சராசரி 7.6! ஒரே ஒரு பூச்சியால் ஓடையின் தரம் தலைகீழாகிறது. ஆகவே வாலை மட்டும் எண்ணி முடிவுசெய்யாதீர்கள். ஸ்டோன்ஃப்ளையின் காலில் இரண்டு நகங்கள், மேஃப்ளையின் காலில் ஒன்றுதான். மேஃப்ளைக்கு வயிற்றின் இருபுறமும் செவுள்கள் வரிசையாக இருக்கும். ஸ்டோன்ஃப்ளைக்கு அவை பெரும்பாலும் கால்கள் முளைக்கும் இடத்தருகே குஞ்சம்போல் இருக்கும். உருப்பெருக்கியில் இரண்டையும் பார்த்த பிறகே 17 எழுத வேண்டும். கைபேசிச் செயலி படத்தைப் பார்த்துக் குழுவைச் சொல்லும் வசதி தருகிறது; அதையும் இதே சோதனைக்கு உட்படுத்துங்கள்.

சராசரி இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். நண்டும் தட்டானும் மட்டுமே கிடைத்த ஓடைக்குச் சராசரி 6. ஐந்து குழுக்கள் வாழும் மேலே சொன்ன ஓடையைவிட அது அதிகம். தாளில் சராசரிக்குப் பக்கத்திலேயே குழுக்களின் எண்ணிக்கையையும் எழுதிவைப்பது அவசியம். கேடிஸ்ஃப்ளை விஷயத்திலும் சுருக்கம் அதிகமாகிவிட்டது. வலை பின்னி வாழும் ஹைட்ரோசைக்கிடே குடும்பம் ஓரளவு கழிவைத் தாங்கும். அதில் ஒரே இனம் மட்டும் இருந்தால் சாஸ்5 தருவது 4, மினிசாஸ் தருவது 9.

எண்ணிக்கையை இந்த முறை பார்ப்பதே இல்லை. ஒரு இறாலும் ஆயிரம் இறாலும் அதற்கு ஒன்றுதான். பிரிட்டனில் தன்னார்வலர்கள் ஆற்றுப் பூச்சிகளை எண்ணி நடத்தும் ரிவர்ஃப்ளை கண்காணிப்பு இதில் மேல்: 1–9, 10–99, 100–999, 1000-க்கு மேல் என்று பிரித்து மதிப்பெண் தருகிறது. 2013 ஜூலையில் கென்னட் ஆற்றில் குளோர்பைரிஃபாஸ் பூச்சிக்கொல்லி கலந்ததை, நன்னீர் இறால்கள் அற்றுப்போனதைக் கவனித்து வெளிக்கொண்டுவந்தவர்கள் அந்தத் தன்னார்வலர்கள்தான். ஒரே ஓடையைத் தொடர்ந்து காவல் காக்க நினைப்பவர்கள் மினிசாஸ் தாளின் ஓரத்தில் இந்த நான்கு படிகளையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

குளம், அணை, சதுப்புநிலம், கழிமுகம் எதற்கும் இது பொருந்தாது; ஓடும் நீருக்கு மட்டும். வெள்ளம் வடிந்த கையோடும் செய்யக் கூடாது. பூச்சிகள் அடித்துச் செல்லப்பட்டிருக்கும், மாசே இல்லாமல் மதிப்பெண் விழும். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் போன்ற பகுதிகளில் பில்ஹார்சியா தொற்று (நீரிலுள்ள ஒட்டுண்ணி தோல் வழியே நுழைந்து வரும் நோய்) உண்டு என்பதால் பூட்ஸ் கட்டாயம். எங்கே செய்தாலும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் இதைப் பயன்படுத்த விரும்புவோர், அளவுகோலில் உள்ள ‘நன்று’, ‘மோசம்’ என்ற தரங்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவை தென்னாப்பிரிக்க ஆறுகளுக்கு வகுத்தவை. தேயிலைத் தோட்டத்துக்கோ ஊருக்கோ மேலே ஓரிடம், கீழே ஓரிடம், இரண்டிலும் ஒரே நாளில், ஒரே வலையால், ஒரே ஆள் 5 நிமிடம் கிளறட்டும். இரு இடங்களும் பாறையும் மணலும் நீரோட்டமும் ஒத்தவையாக இருக்க வேண்டும். அப்போது இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை நம்பலாம்.