லிப்ரெ ஆபீஸ் ரைட்டரின் ஹெடர், ஃபூட்டர்: புத்தகத்துக்குத் தோது, கடிதத்துக்குச் சுமை

லிப்ரெ ஆபீஸின் எழுத்துச் செயலியான ரைட்டரில், பக்கத்தின் மேலே வரும் ஹெடரும் கீழே வரும் ஃபூட்டரும் பேஜ் ஸ்டைலை, அதாவது பெயரிட்டு வைத்த பக்க அமைப்பைச் சேர்ந்தவை. இது பிடிபடாதவரை ரைட்டர் எரிச்சலைத்தான் தரும். பிடிபட்டுவிட்டால், ஆய்வேடு, புத்தகம் மாதிரி நீளமான வேலைகளுக்கு வேர்டைவிட இதுவே மேல். வேர்டில் ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் 'லிங்க் டு பிரீவியஸ்' (முந்தைய பகுதியோடு உள்ள இணைப்பு) எடுக்கப்பட்டதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றை விட்டால், ஐந்தாம் இயலில் மாற்றியது நான்காம் இயலிலும் மாறிக் கிடக்கும். ரைட்டரில் அந்தத் தொல்லை கிடையாது. இரண்டு பக்கக் கடிதத்துக்கு இத்தனை ஏற்பாடு தேவையா என்றால், தேவையில்லை.

பக்கத்தின் மேல்விளிம்பில் கிளிக் செய்தால் நீலப் பட்டை ஒன்று தெரியும். அதிலுள்ள கூட்டல் குறியை அழுத்தினால் ஹெடர் வந்துவிடும். அழுத்துவதற்கு முன் அடைப்புக்குறிக்குள் இருக்கும் பெயரைப் படியுங்கள்: 'டிஃபால்ட் பேஜ் ஸ்டைல்' என்றிருந்தால், அந்த ஸ்டைலில் உள்ள எல்லாப் பக்கங்களுக்கும் ஹெடர் போகும். முதல் பக்கத்தில் மட்டும் வேண்டாம் என்றால், ஃபார்மேட் > பேஜ் ஸ்டைல் > ஹெடர் போய், முதல் பக்கத்திலும் அதே உள்ளடக்கம் என்ற டிக்கை எடுத்தால் போதும். 4.0 பதிப்பிலிருந்து (2013) இந்த வசதி இருக்கிறது. ஆனால் எழுத்துதான் மறையும், ஹெடரின் இடம் அப்படியே காலியாக நிற்கும். அந்த இடமும் வேண்டாமென்றால் 'ஃபர்ஸ்ட் பேஜ்' ஸ்டைலைப் போடுங்கள். அதற்கு அடுத்த பக்கம் தானாகவே டிஃபால்டுக்கு மாறிவிடும்.

வேர்டிலிருந்து வருபவர்கள் முதலில் தடுக்கி விழுவது மார்ஜினில். வேர்டில் மேல் மார்ஜின் என்பது தாளின் விளிம்பிலிருந்து உடல் எழுத்து வரை. ஹெடர் அந்த மார்ஜினுக்குள்ளேயே உட்காரும். ரைட்டரில் அது ஹெடர் தொடங்கும் இடம் வரைதான். மார்ஜின் 2 செ.மீ. என்றால், ஹெடரின் உயரம் 0.5, இடைவெளி 0.5 சேர்ந்து உடல் எழுத்து 3 செ.மீ.யில் தொடங்கும். 2.5 செ.மீ.யில் தொடங்க வேண்டும் என்று விதி இருந்தால் மார்ஜினை 1.5 ஆக்குங்கள். 'ஆட்டோஃபிட் ஹைட்' (உயரம் தானாக மாறுவது) டிக்கில் இருக்கும்போது லோகோ ஒன்றைப் போட்டால் ஹெடர் வளர்ந்து, எல்லாப் பக்கங்களிலும் வரிகள் கீழே தள்ளப்படும். பக்க எண்ணிக்கை திடீரென்று கூடினால் முதலில் இங்கே பாருங்கள்.

அடுத்தது டேப், அதாவது டேப் விசையைத் தட்டினால் எழுத்து போய் நிற்கும் இடம். ஹெடர் பத்தி ஸ்டைலில் நடு டேப் 8.5, வலது டேப் 17 செ.மீ.யில் இருக்கும், ஏ4 தாளில் இருபுறமும் 2 செ.மீ. மார்ஜின் விட்டால் வரும் கணக்கு அது. மார்ஜினை 2.5 ஆக்கினால் எழுதும் அகலம் 16 ஆகிவிடும், டேப் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். வலதுபக்க எண் வெளியே பிதுங்குவது இதனால்தான். ஸ்பேஸ் தட்டிச் சரிசெய்யாதீர்கள். எஃப்11 அழுத்தி, பத்தி ஸ்டைல்களில் 'ஹெடர்', 'ஃபூட்டர்' இரண்டையும் திருத்தி டேப்பை 8, 16 என்று வையுங்கள்.

பக்க எண் போட 7.6 பதிப்பு முதல் இன்செர்ட் மெனுவிலேயே சின்ன விசார்டு ஒன்று இருக்கிறது; சாதாரண வேலைக்கு அது போதும். முன்பகுதிக்கு i, ii, iii, நூலுக்கு 1, 2, 3 என்று வேண்டுமானால் இரண்டு பேஜ் ஸ்டைல் வேண்டும். நூல் தொடங்கும் இடத்தில் இன்செர்ட் > மோர் பிரேக்ஸ் > மேனுவல் பிரேக் எடுத்து, புதிய ஸ்டைலைத் தேர்ந்து, எண் மாற்றும் பெட்டியில் 1 கொடுங்கள். வெறும் கண்ட்ரோல் + என்டர் தட்டினால் ஸ்டைல் மாறாது, பழைய ஹெடரே தொடரும். எண் 1 வலப்பக்கத்தில்தான் வரும். அதற்கு முந்தியதும் ஒற்றைப்படைப் பக்கமாக இருந்தால் ரைட்டர் நடுவே ஒரு வெற்றுத்தாளைச் செருகும். பலர் பிழையென்று நினைக்கும் இது அச்சு மரபுதான். வேண்டாதவர்கள் பிரின்ட், பிடிஎஃப் அமைப்புகளில் தவிர்க்கலாம்.

தொடக்க எண்ணை மாற்ற, எண் ஃபீல்டின் (தானாக மாறும் பக்க எண்ணின்) 'ஆஃப்செட்' பெட்டியை மட்டும் தொடாதீர்கள். அங்கே 5 கொடுத்தால் முதல் பக்கம் 6 என்று காட்டும், பார்க்கச் சரியாகவே இருக்கும். கடைசி ஐந்து பக்கங்களில் எண்ணே வராது. இல்லாத பக்கத்தின் எண்ணைத் தேடிப் பார்த்து வெறுமையாக நிற்கிறது அது. அந்தப் பெட்டியின் பெயரே ஆளைக் குழப்பும். இன்னும் அப்படியே வைத்திருப்பது ரைட்டரின் பெரிய குறை.

தமிழ் ஹெடருக்கு ஒரு குறிப்பு: ஸ்டைலில் எழுத்தளவை 9 என்று குறைத்தும் தமிழ் மட்டும் 12-இலேயே நின்றால், நீங்கள் மாற்றியது வெஸ்டர்ன் பகுதியை. தமிழுக்கான அளவு சிடிஎல் (காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்) பகுதியில் தனியாக இருக்கிறது. அந்தப் பகுதியே தெரியவில்லையென்றால், மொழி அமைப்புகளில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை டிக் செய்யுங்கள்.

வேலை முடியும்வரை கோப்பை ரைட்டரின் சொந்த வடிவமான ஓடிடி-யிலேயே வைத்திருங்கள். வேர்டின் டாக்எக்ஸாகச் சேமித்துத் திரும்பத் திறந்தால், பார்த்துப் பார்த்துப் பெயர் வைத்த ஸ்டைல்கள் 'கன்வெர்ட்டட்1', 'கன்வெர்ட்டட்2' என்று வந்து நிற்கும். எது முன்பகுதி, எது நூல் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியதுதான்.