உலகக் கோப்பை: மிண்ட் தலைகளா, முதல் நாள் உறைகளா, அஞ்சலில் வந்த உறைகளா?

கோவை, திருப்பூர், ஈரோடு பகுதிகளில் கால்பந்துத் தபால்தலைகளைச் சேர்க்கத் தொடங்குபவருக்கு மூன்று வழிகள் உள்ளன: பயன்படுத்தாத மிண்ட் தலைகள், தலை வெளியான அன்றே முத்திரை குத்திய முதல் நாள் உறைகள், உண்மையிலேயே அஞ்சலில் பயணித்து வந்த உறைகள். கையிருப்பு அளவாக இருக்கையில் மூன்றையும் ஒருசேரத் துரத்த முடியாது. என் முன்னுரிமை மூன்றாவது வழிக்கே.

மிண்ட் தலைகளின் பெரிய கவர்ச்சி, தொகுப்பை முழுமையாக்கும் வாய்ப்பு. 1930இல் முதல் உலகக் கோப்பையை நடத்திய உருகுவே அதற்கென்று தலை வெளியிடவில்லை; 1934இல் இத்தாலிதான் தொடங்கி வைத்தது. 1938இல் பிரான்சு ஒரே ஒரு தலையோடு நிறுத்திக்கொண்டது. நம் நாட்டில் 1986 மெக்சிகோ போட்டிக்கு ஐந்து ரூபாய்த் தலையும், 2014 பிரேசில் போட்டிக்கு நான்கு தலைகளும், தலைகளை அலங்கார ஓரத்தோடு ஒரே தாளில் அச்சிட்ட மினியேச்சர் ஷீட்டும் வந்தன. ஆனால், 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஷார்ஜா, அஜ்மான் போன்ற வளைகுடாச் சிற்றரசுகளின் பெயரில் சேகரிப்பாளர்களின் பணப்பையை மட்டுமே குறிவைத்து அச்சிட்டுக் குவித்த தலைகளும் இவற்றோடு கலந்தே விற்பனைக்கு வருகின்றன. பார்வைக்கு அழகானவை என்றாலும் அஞ்சல் வரலாற்றில் அவற்றுக்குப் பெரிய இடமில்லை.

பராமரிப்பும் எளிதன்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசும்போது தலையின் பின்புறப் பசை இளகி ஆல்பத்தோடு ஒட்டிக்கொள்ளும். பழைய தலைகளில், ஹிஞ்ச் (தலையை ஆல்பத்தில் பொருத்தும் சிறு பசைத்தாள்) ஒட்டிய தடத்தை மறைக்க மறுபடி பசை பூசி விற்பதும் உண்டு. தலையைச் சாய்த்துப் பிடித்து, துளைப் பற்களின் நுனியில் பசை வழிந்து விறைத்திருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

முதல் நாள் உறைகளில் என்னை மிகவும் ஈர்ப்பது 1966 இங்கிலாந்து. அந்த ஆண்டு ஜூன் 1இல் மூன்று தலைகள் வெளிவந்தன. ஜூலை 30இல் இங்கிலாந்து கோப்பையை வென்றதும், நாலு பென்சு தலையில் வெற்றி வாசகத்தைச் சேர்த்து ஆகஸ்ட் 18இல் மீண்டும் வெளியிட்டார்கள். இறுதியாட்டம் நடந்த வெம்பிளியின் பெயரைத் தாங்கிய முத்திரையோடு ஆகஸ்ட் 18ஆம் நாளின் உறை கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். (அதே ஆண்டு மார்ச்சில், அன்றைய உலகக் கோப்பையான ஜூல் ரிமே கோப்பை திருடு போனதும் லண்டனில் ஒரு தபால்தலைக் கண்காட்சியிலிருந்துதான், ஒரு வாரத்தில் பிக்கிள்ஸ் என்ற நாய் அதைக் கண்டெடுத்தது.) இருப்பினும் பெரும்பாலான முதல் நாள் உறைகள் முகவரியே இல்லாமல், கவுன்டரில் முத்திரை வாங்கிக்கொண்டு நேராக ஆல்பத்துக்குப் போனவை.

பயணித்த உறையில்தான் ஊரும் நாளும் ஆளும் ஒன்றுசேர்கின்றன. நமக்கு மிக அருகில் வந்த உலகப் போட்டி, 2017 அக்டோபரில் இந்தியா நடத்திய 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை. அதன் ஆடுகளங்களில் ஒன்று கொச்சி. அங்கே பிரேசில் ஸ்பெயினை 2–1 என வென்ற அக்டோபர் 7 சனிக்கிழமை. அன்று கொச்சி முத்திரை பெற்று, கொங்குநாட்டு முகவரி ஒன்றுக்குப் பதிவு அஞ்சலில் வந்து, பின்புறம் நம்மூர் வருகை முத்திரையும் விழுந்த உறை ஒன்று பழைய கடிதக் கட்டுகளில் கண்ணில் பட்டால், அதன் எதிரே எந்தப் பளபளப்பான மினியேச்சர் ஷீட்டையும் நான் வைக்க மாட்டேன்.

இத்தகைய உறைகளுக்கு விலைப்பட்டியல் துணை குறைவு. தேடலும் பொறுமையும் அதிகம் வேண்டும். வாங்கும்போது, முத்திரையின் வட்டம் தலையிலிருந்து உறைத்தாள் வரை முறியாமல் ஓடுகிறதா, மை இரண்டிலும் ஒரே நிறமா என்று பாருங்கள். தலையைப் பிறகு ஒட்டியிருந்தால் கோடு பெரும்பாலும் ஓரத்தில் பிசகும். வைத்துக்காக்க பி.வி.சி. உறைகள் வேண்டாம், அவை நாளடைவில் கசிந்து தாளைக் கெடுக்கும். பாலியெஸ்டர் உறையில் இட்டு, சுவரை ஒட்டாத அலமாரியில் நிமிர்த்தி வைத்தால் போதும்.