பழைய எல்எஸ்4 ரேஸ் கிளைடர்: ரெண்டு சீசன் பறந்துட்டு எழுதுற ரிவியூ

சிங்கப்பூர்ல இருந்துகிட்டு ரேஸ் கிளைடர், அதாவது எஞ்சின் இல்லாம பறக்குற போட்டி விமானம், வாங்குற ஆளுங்க கம்மிதான், ஆனா வருஷா வருஷம் லீவு போட்டு ஆஸ்திரேலியா போயி பறக்குற நம்மாளுங்க சிலர் கேட்டுகிட்டே இருக்காங்க, அதான் எழுதிடறேன். நாங்க மூணு பேர் சேர்ந்து வாங்கினது 80கள்ல செஞ்ச எல்எஸ்4, நியூ சவுத் வேல்ஸ்ல நரோமைன்ல நிக்குது. விலை, இங்க ஒரு காருக்கு சிஓஇ (கார் வெச்சுக்க எடுக்குற உரிமம்) எடுக்குற காசுல பாதி கூட ஆகல.

வாங்குறப்போ யீஷூன் ஃப்ரெண்டு ஒருத்தர் "அண்ணே, காசு போட்டாலும் ஏஎஸ்டபிள்யூ 27 மாதிரி ஃபிளாப் (இறக்கைக்குப் பின்னாடி மேல கீழ மடக்குற தகடு) உள்ளதா போடுங்க"ன்னு ஒரே புடியா நின்னார். அது நல்ல கிளைடர்தான், கிளைடு ரேஷியோ 48 கிட்ட வரும், எல்எஸ்4க்கு 40தான். ஆயிரம் மீட்டர்லேருந்து விட்டா 40 கிலோமீட்டர், ஜூரோங்லேருந்து கிளம்பினா சாங்கியத் தாண்டி கடலுக்கே போயிடலாம், அதுவே பெருசு. வருஷத்துக்கு பத்து நாள் பறக்குற நமக்கு ஒரு மோசமான தெர்மல்ல (மேல தூக்குற சூடான காத்து) சுத்திகிட்டு நிக்கிற நேரத்துலதான் போட்டி போகுது, கிளைடு ரேஷியோல இல்ல. அதுவும் இல்லாம எல்எஸ்4 கிளப் கிளாஸ்ங்கிற போட்டிப் பிரிவுல பறக்கலாம், கிளைடரோட திறமைக்கு ஏத்த ஹேண்டிகேப் போட்டுதான் புள்ளி கணக்கு, எடைக்காக இறக்கையில தண்ணி ரொப்புற வேலையும் கிடையாது. 2023 டிசம்பர்ல உலகச் சாம்பியன்ஷிப் இதே நரோமைன்லதான் நடந்துச்சு, அதுலயும் கிளப் கிளாஸ் இருந்துச்சு.

ஆனா நான் முக்கியமா சொல்ல வர்றது மாடல் பத்தி இல்ல, கண்டிஷன் பத்தி. மொதல்ல பாத்த கிளைடர் வேற. போட்டோல பால் மாதிரி இருந்துச்சு, ஜெல்கோட்ல (மேல இருக்குற வெள்ளைப் பூச்சு) கிராக் இருக்கான்னு மெயில்லயே கேட்டேன், இல்லன்னு எழுத்துல பதில் வந்துச்சு. எட்டு மணி நேரம் பிளைட்டு, அப்புறம் காருன்னு போயி ஷெட்ட இழுத்து மூடி இறக்கை மேல டார்ச்ச சாய்ச்சு அடிச்சா, முன்னாடிலேருந்து பின்னாடி வரைக்கும் முடி மாதிரி கோடு, ஒவ்வொரு விரல்கடைக்கும் ஒண்ணு. "பாலிஷ் போட்டா போயிடும்"னார் விக்கிறவர். போகாது. வெயிலும் மேல இருக்குற குளிரும் மாத்தி மாத்தி அடிச்சு வந்த கிராக் அது, முழுசா தேய்ச்சு திரும்ப அடிக்கணும், பல நூறு மணி நேர வேலை, அடிச்சதுக்கு அப்புறம் எய்லரான், எலிவேட்டரோட (இறக்கையிலயும் வால்லயும் அசையுற தகடுங்க) எடைய திரும்ப அளக்கணும், கூடிப்போச்சுன்னா வேகத்துல ஃபிளட்டர், அதாவது படபடன்னு அதிர்வு, வந்து உடையும். டிக்கெட் காசு போனது கூட பரவால்ல, ரெண்டு நாள் லீவு வீணாப் போச்சு, அந்தக் கோவம் இன்னும் இருக்கு.

எனக்கு வேலையே சிலேத்தார்ல காம்போசிட் பேனல் ரிப்பேர்தான், அதனால இப்ப இருக்குற கிளைடர பாக்குறப்போ பாக்கெட்ல இருந்த இருபது காச எடுத்து மூக்குலேருந்து வால் வரைக்கும் தட்டிகிட்டே போனேன். டிக் டிக் டிக்னு வந்துகிட்டே இருந்தது, வால் ஒல்லியாகுற எடத்துல டப்புன்னு மாறுச்சு. லாக்புக்க பொரட்டினா தரையில சுத்திகிட்டதுல வந்த உடைப்பு, என்ன துணி எத்தன லேயர் போட்டாங்க, யார் கையெழுத்து எல்லாமே இருந்துச்சு. ரிப்பேர் இருக்குறது தப்பே இல்ல, சத்தம் மாறுது ஆனா புக்ல ஒண்ணும் இல்லன்னா அத தொடாதீங்க. இன்னொண்ணு, இறக்கைய மாட்டிட்டு நுனிய முன்ன பின்ன ஆட்டச் சொல்லுங்க, நீங்க நடுவுல காது வெச்சுக் கேளுங்க, டொக் டொக்னு வந்தா இறக்கைய சேர்த்துப் புடிக்கிற பின்னு தேஞ்சிருக்கு.

பறக்குறதுக்கு எப்படின்னா, மெதுவா தெர்மல்ல சாய்ஞ்சாலும் சட்டுன்னு இறக்கை விழாது, ஏர்பிரேக் நல்லா புடிக்குது. மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல தள்ளினா மட்டும் புது கிளைடருங்க கண்ணு முன்னாடியே மேல நிக்கும், நாம இறங்கிகிட்டே இருப்போம்.

எனக்குப் புடிக்காத ஒண்ணு, எங்களோடதுல இறக்கைய மாட்டுறப்போ கண்ட்ரோல் கம்பியெல்லாம் கையாலதான் மாட்டணும். எல்எஸ்8, டிஸ்கஸ் 2 மாதிரி புது கிளைடர்ல தானா மாட்டிக்கும். மாட்டாம மறந்துட்டு கிளம்பி உயிர் போன விபத்து இருக்கு, அதனால ஒருத்தர் உள்ள ஸ்டிக்க கெட்டியா புடிச்சிருக்க இன்னொருத்தர் வெளிய எய்லரான அழுத்திப் பாக்காம நாங்க கிளைடர கிளம்புற லைனுக்கே தள்ள மாட்டோம்.

கிளைடர கழட்டி ஏத்திட்டுப் போற ட்ரெய்லர யாரும் பாக்குறதில்ல, கண்டிப்பா பாருங்க. போன சீசன்ல தெர்மல் செத்துப்போயி அறுத்த கோதுமை வயல்ல இறங்கிட்டேன், ஆளுங்க ட்ரெய்லரோட வந்து சேர ராத்திரி ஒம்போது, வழியில டயர் பக்கவாட்டுல கிழிஞ்சிடுச்சு, ட்ரெட்டு புதுசு மாதிரி இருந்தும் ரப்பர் பழசு. இப்ப ரெண்டும் மாத்தியாச்சு. வர்ற டிசம்பர்ல யாராச்சும் அந்தப் பக்கம் வந்தா சொல்லுங்க, இறக்கை தூக்க ஒரு ஆள் கம்மியா இருக்கு, ஒக்காந்தும் பாக்கலாம்.